தலைமாட்டு நந்தியாவட்டை

எங்கள் ஊரில் பெண்கள் இறந்தவர்களை அடக்குகிற மையவாடிக்குள் போவதில்லை. போகக் கூடாது என்று யாரும் பலகை எழுதித் தொங்கவிடவில்லை. கேட்டில் பூட்டும் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் போவதில்லை. இறந்தவரின் ஜனாஸா வீட்டு வாசலைத் தாண்டும்வரைதான் நமக்கு, அதற்குப் பிறகு எல்லாம் ஆண்களின் வேலை. சுமந்து பெற்றவள் வாசலோடு நின்றுவிட வேண்டும், சந்தியில் சைக்கிள் திருத்துகிறவர் போய் மண் அள்ளிப் போடுவார். இதைச் சொன்னால் என் தம்பிக்குக் கோபம் வரும். வரட்டும்.

எனக்கு ஒரு வசதி இருந்தது. எங்கள் வீடு மையவாடிக்குப் பின்பக்கம். இடையில் ஒரு சிறிய ஒழுங்கைச் சந்து மட்டும்தான். மேல்மாடி கட்டவென்று கொங்கிறீட் தட்டுப் போட்டு, கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்க, அப்படியே நின்றுபோன வீடு. உடுப்புக் காயப்போட அந்தத் தட்டில் ஏறினால் மதிலுக்கு மேலால் மையவாடி முழுக்கத் தெரியும். வெள்ளை மணல், கப்றுக்குழிகளுக்கு அடையாளமாக நட்ட மீசான் கட்டைகள், அங்கங்கே எருக்கலை, அப்பால் தென்னைகள், அதற்கும் அப்பால் கடல். சிறுபிள்ளையிலிருந்து அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஈரத் துணியை உதறிக்கொண்டே பார்ப்பேன், ஒன்றும் நினைக்கமாட்டேன். போன மாரிக்குப் பிறகு அங்கே நான் பார்ப்பதெல்லாம் ஒரேயொரு பச்சையைத்தான். அது என் மகனின் தலைமாட்டில் நட்ட நந்தியாவட்டை.

அவனுக்குப் பதினேழு வயது. மழை ஓய்ந்து தெருவில் தண்ணீர் வற்றத் தொடங்கிய நாட்களில் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலைக்குள் படுத்துக்கொண்டு, "உம்மா, ஊட்ட போனா நெத்தலிச் சுண்டல் ஆக்கித் தாங்க" என்றான். ஆக்கிக் கொடுக்க அவன் வரவில்லை. ஒரு நுளம்பு. கையால் அடித்தால் ஒரு சொட்டு இரத்தம்கூட மிஞ்சாத ஒன்று, என் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது.

ஜனாஸாவைத் தூக்கும் நேரத்தில் யாரோ, "பச்சக் கொப்பொண்டு தாங்க" என்று கேட்டார்கள். கப்றின் தலைமாட்டில் பச்சைக் கொப்பு நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அது பச்சையாக இருக்கும்வரை தஸ்பீஹ் செய்துகொண்டிருக்கும், இறைவனைத் துதித்துக்கொண்டிருக்கும், அதனால் உள்ளே இருப்பவரின் வேதனை லேசாகும் என்பது நம்பிக்கை. கைக்கு அகப்பட்டதை நடுவார்கள். பாதிக்கு மேல் ஆடு தின்றுவிடும். நான் முற்றத்துக்குப் போய் நந்தியாவட்டையில் ஒரு தடித்த கொப்பாகப் பார்த்து முறித்தேன். ஏனென்றால் அதை ஆடு தொடாது. முறித்த இடத்தில் பால் வடியும், வாயில் பட்டால் கைக்கும். அழவும் தெரியாமல் மரத்துப்போய் நின்ற அந்த நேரத்தில்கூட என் புத்தி ஆட்டைப் பற்றி யோசித்ததை நினைத்தால் எனக்கே ஆச்சரியம். கையெல்லாம் பால் ஒட்டியிருந்தது. அன்று முழுக்க நான் அதைக் கழுவவில்லை.

எதற்கு ஒரு கொப்புக்கு இவ்வளவு அலட்டல் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். என் மகன் நல்ல பிள்ளை. பொய் சொல்லமாட்டான், யாரோடும் சண்டைக்குப் போகமாட்டான். ஆனால் சுபஹுத் தொழுகைக்கு எழும்பமாட்டான். பாங்கு சொன்னதிலிருந்து நான் கத்துவேன், போர்வையை இழுப்பேன், தண்ணீர் தெளிப்பேன். "அஞ்சு நிமிசம் உம்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பான். அந்த ஐந்து நிமிடம் விடிந்த பிறகுதான் முடியும். கப்றில் மலக்குகள், அதுதான் வானவர்கள், வந்து கேள்வி கேட்பார்கள் என்று ஓதப்போன காலத்தில் படித்தவள் நான். அவர்கள் எழுப்பும்போதும் அவன் "அஞ்சு நிமிசம்" என்று சொல்லியிருப்பானோ என்று நினைத்து நினைத்து என் ஈரல் எரிந்தது. நான் போய்ப் பக்கத்தில் இருக்க முடியாது. அவனுக்காகப் பேச முடியாது. அங்கே என் கையால் முறித்துக் கொடுத்த ஒன்று இருந்தது. அது பச்சையாக இருந்தால் போதும்.

வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்த என் தம்பி இதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்து விளக்கம் சொன்னான்.

"ராத்தா, அது நபியவங்கட கையால நட்டதுக்கு உள்ள விசயம். நாம நட்டா அப்பிடி ஒண்டும் இல்ல. துஆச் செய்ங்க, அது போதும்."

"துஆவும் செய்யிறன், செடியும் பாக்கிறன். ஒனக்கு எங்க நோவுது?"

"நோகல்ல ராத்தா. நீங்க இப்பிடி வெயிலுக்க மேல நிண்டு நிண்டு கருகிப் போறீங்க. அதுக்குத்தான்."

அவன் சொன்னது சரியாகவும் இருக்கலாம். கிதாபு படித்தவனோடு வாதாட எனக்கு அறிவு காணாது. ஆனால் பிள்ளை போன தாய்க்குக் கையும் காலும் சும்மா கிடக்கிற கொடுமையைப் பற்றி எந்தக் கிதாபில் இருக்கிறதோ, அதை அவன் இன்னும் படிக்கவில்லை.

கொப்பு வேர் பிடித்தது. என் புருசன் கடல் தொழிலுக்குப் போகிறவர். கரைக்கு வந்ததும் நேரே மையவாடிக்குப் போய், ஒரு பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். "துளிர் வந்திரிக்கி" என்றார் ஒருநாள். தட்டில் ஏறிப் பார்த்தேன். துளிர் தெரியவில்லை, ஆனால் பச்சை கொஞ்சம் பெருத்திருந்தது. அப்படியே பெருத்து, மணலுக்கு மேல் ஒரு சிறிய குடை அளவுக்கு வந்தது. நான் மாவு அரித்தாலும், மீன் வெட்டினாலும், இடையில் ஒருதரம் ஏறிப் பார்த்துவிட்டு வருவேன். அந்த மாதங்களில் என்னைத் தாங்கியது அது ஒன்றுதான்.

பிறகு அந்தப் பச்சை மெலியத் தொடங்கியது.

முதலில் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். அடுத்த நாள் இன்னும் மெலிந்தது. குடைக்குள்ளால் பின்னாலிருந்த மணல் தெரிந்தது. அவர் வந்ததும் வாசலிலேயே கேட்டேன்.

"செடிக்கு என்ன?"

"ஒண்டுமில்ல. புழு கொஞ்சம் விழுந்திரிக்கி."

"என்ன புழு? பச்சையா, விரல் மொத்தத்துல, வாலுல கொம்போடயா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் புழுவை எனக்கு நன்றாகத் தெரியும். முற்றத்து நந்தியாவட்டையில் வருடா வருடம் வரும். வாலில் ஒரு மஞ்சள் கொம்பு, தலைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாக இரண்டு கண் அடையாளம். தொட்டால் உண்மையான தலையை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு அந்தப் பொய்க் கண்ணைக் காட்டிப் பயமுறுத்தும். ஆட்டுக்கு ஆகாத அந்தப் பால் இதற்குத்தான் சாப்பாடு. உலகத்தில் இத்தனை இலை இருக்க, ஆடு தொடாத இலையைத் தேடி வந்து தின்கிற சாதி. ஆட்டை நினைத்து நட்டேன், புழுவை நினைக்கவில்லை.

அந்தப் புழுவுக்கும் என் மகனுக்கும் பழைய உறவு. முன்பெல்லாம் காலையில் நான் அவற்றைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுவேன். சின்ன வயதில் அவன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொள்வான். "உடுங்க உம்மா, அதுக்கு வேற சோறு இல்ல" என்பான். உண்மைதான். முருங்கை இலை வைத்தாலும் தின்னாது, எலுமிச்சை வைத்தாலும் தின்னாது, இந்தச் செடி இல்லையென்றால் காய்ந்து செத்துப்போகும். ஒருமுறை ஒன்றை ஜாம் போத்தலில் மணல் போட்டு வளர்த்தான். தின்று தின்று கொழுத்து, ஒருநாள் பச்சை மாறி மண்ணிறமாகி, காய்ந்த இலைக்குள் சுருண்டு கூடாகிவிட்டது. செத்துப்போயிற்று என்று நான் கொட்டப்போனேன், அழுது ஆர்ப்பாட்டம் செய்து தடுத்தான். பிறகு அதிலிருந்து ஒரு பெரிய பச்சைப் பூச்சி வந்தது. வண்ணத்துப்பூச்சிதான் என்றாலும் தடித்த உடம்பு, சிறகில் பாசி படிந்த கல்லைப் போல வளையம் வளையமாகப் பச்சை. மஃரிப் நேரம், பொழுது பட, தட்டில் ஏறி அதை விட்டான். அது கீழே இறங்கி முற்றத்து நந்தியாவட்டையின் வெள்ளைப் பூவுக்கு முன்னால், எதிலும் குந்தாமல், அந்தரத்தில் நின்று தேன் குடித்தது. "பாத்தீங்களா உம்மா, தாய் வந்து தேன் குடிக்கும், புள்ள இலை தின்னும். ரெண்டுக்கும் ஒரே ஊடு" என்றான். எவ்வளவு சந்தோசமாகச் சொன்னான்.

அந்தத் தாய்தான் இப்போது மதிலைத் தாண்டிப் போய், என் பிள்ளையின் தலைமாட்டில் தன் பிள்ளைகளை விட்டிருக்கிறது. ஒரு பூச்சி என் மகனைக் கொண்டுபோனது. இன்னொரு பூச்சி அவனுக்கென்று இருந்த பச்சையையும் தின்ன வந்தது. அல்லாஹ்வே, நான் என்ன செய்தேன் என்று அன்று தட்டில் நின்று வாய்விட்டுக் கேட்டேன்.

அவரைப் படுத்தாத பாடு படுத்தினேன். "பொறுக்குங்க" என்றேன். பொறுக்கினார். பெரியவை போயின, கண்ணுக்குத் தெரியாதவை நின்று வளர்ந்தன. சாம்பல் கொடுத்துவிட்டேன், தூவினார், கடல்காற்று அதைத் துடைத்துவிட்டது. வேப்பிலை அவித்த தண்ணீர் கொடுத்தேன். உள்ளி இடித்துக் கரைத்துக் கொடுத்தேன். முசுறு இருக்கிற மாமரத்தில் புழு நிற்காது என்பது நினைவுக்கு வந்து, பக்கத்து வளவு மாமரத்திலிருந்து அந்தச் சிவப்பு எறும்புக் கூட்டைக் கொப்போடு வெட்டிக்கொண்டுபோய்க் கட்டச் சொன்னேன். அவர் கழுத்து, காது, கை எல்லாம் தடித்து வந்தார். முசுறுக்குக் கூடு தைக்கப் பெரிய இலை வேண்டும், நிழல் வேண்டும். அந்தச் சின்னச் செடியில் என்ன இருக்கிறது? மறுநாளே வரிசையாக இறங்கிப் போய்விட்டதாம். வேறு நேரமாக இருந்தால் அவர் வீங்கிய காதைப் பார்த்துச் சிரித்திருப்பேன். அன்று, "ஒரு எறும்பப் புடிச்சி வைக்கவும் ஒங்களுக்கு ஏலா" என்று ஏசினேன்.

கடைசியில் வயலுக்கு அடிக்கிற மருந்து. எதிர்வீட்டில் இருந்தது. ஒரு மூடி வாங்கி, ஒரு போத்தல் தண்ணீரில் கலந்து அவர் கையில் கொடுத்தேன். மனிசன் என்னோடு அதிகம் கதைக்கிறவர் இல்லை. கோபித்ததும் குறைவு. அன்று அந்தப் போத்தலை வாங்கி மணந்து பார்த்தார், அவர் முகம் ஒருமாதிரிப் போனது.

"புள்ளைட தலமாட்டுல நஞ்சு ஊத்தச் சொல்றியா?"

நான் அழுதேன். தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்து அழுதேன். ஜனாஸா போன அன்று வராத அழுகை எல்லாம் அன்று வந்தது. அவர் போத்தலைக் கொண்டுபோய் ஒழுங்கை முடிவில் ஒரு குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். கையைச் சவர்க்காரம் போட்டுப் பலமுறை கழுவினார். என் பக்கத்தில் வந்து நின்றார், பிறகு வலை பின்னப் போய்விட்டார்.

செடி மொட்டையாகிவிட்டது. தட்டிலிருந்து பார்த்தால் மணலில் குத்திய இரண்டு குச்சி. அதையும் தெரிந்தவள் பார்த்தால்தான் தெரியும். பச்சை என்று சொல்ல ஒரு பொட்டும் இல்லை. அந்த நாட்கள் எப்படிப் போயின என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அடுப்பு எரியவில்லை. தம்பியின் மனைவி சோறு அனுப்புவாள், அது அப்படியே கிடக்கும். நான் தட்டில்தான் இருந்தேன். வெயில் ஏறினால் கம்பியில் கட்டிய சாக்கின் நிழலில் இருப்பேன். அவன் தனியாகிவிட்டான் என்ற ஒரே எண்ணம் மனதில் சுற்றிச் சுற்றி வந்தது. பேச்சுத் துணைக்கும் ஆளில்லாமல், எழுப்பிவிட ஆளில்லாமல், மண்ணுக்குள் தனியாக. அவர் கீழே நின்று, "இறங்கி வா புள்ள" என்று கூப்பிடுவார். நான் மையவாடியைப் பார்த்தபடியே இருப்பேன். ஒருநாள், "நானும் போயிட்டா அவனுக்குப் பக்கத்துல வைப்பீங்களா?" என்று மேலிருந்து கேட்டேன். அவர் ஏணியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அதற்கு அடுத்த நாளோ, அதற்கும் அடுத்த நாளோ, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஏறினேன். மகனின் தலைமாட்டில் பச்சை இருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். இருந்தது. முன்பு இருந்ததைவிடச் செழிப்பாக. ஏணியில் எப்படி இறங்கினேனோ தெரியாது. "துளிர்த்திட்டு! கண்டீங்களா, துளிர்த்திட்டு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஓம், கண்டன்" என்றார். அன்று நான் அடுப்பு மூட்டினேன். நெத்தலிச் சுண்டல் ஆக்கினேன். அவன் கேட்டுவிட்டுப் போனதிலிருந்து ஆக்காத கறி. அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். இடையில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். முள் என்று நினைத்தேன்.

பிறகு கச்சான் வந்தது. மேற்கே வயல்வெளியிலிருந்து வருகிற அந்தச் சூட்டுக்காற்று வீசத் தொடங்கினால் எங்கள் ஊரில் எதுவும் நேராக நிற்காது. முற்றத்து நந்தியாவட்டை நான் வாளி வாளியாக ஊற்றியும் இலை தொங்கியது. மையவாடியில் எருக்கலைகூட வெளிறி நுனி காய்ந்தது. மற்றக் கப்றுகளில் இருந்த கொப்பெல்லாம் சருகாகிவிட்டது. என் மகனுடையது மட்டும் பச்சை. காலையில் பச்சை, உச்சியில் பச்சை, மாலையிலும் அதே பச்சை. நாள் போகப் போக எனக்குள் ஒரு குளிர் ஏறியது. வளரவில்லை. குறையவில்லை. ஒரு இலை பழுக்கவில்லை. காற்றுக்கு மற்றதெல்லாம் படுத்து எழும்ப, அது விறைத்துப்போய் ஆடியது.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

வெள்ளிக்கிழமை அவர் குளித்து, வெள்ளை உடுப்புப் போட்டு, ஜும்ஆவுக்குப் போனார். குத்பாப் பிரசங்கம் தொடங்கியதும் எங்கள் தெருக்களில் ஓர் ஆண் குஞ்சும் இருக்காது. ஹபாயாவை மாட்டி, முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். முகத்தை மூடிவிட்டால் எங்கள் ஊரில் யார் யாரென்று மாமியாருக்கே தெரியாது, அது ஒரு பெரிய உதவி. ஒழுங்கையைத் தாண்டினேன். கேட் சாத்தியிருந்தது, தள்ளினேன், திறந்தது. பிறந்ததிலிருந்து பக்கத்தில் இருக்கிற இடத்துக்குள் முதல்தடவையாகக் கால் வைத்தேன். மணல் கொதித்தது. மேலே இருந்து பார்த்தபோது தனித்தனியாகத் தெரிந்த கப்றுகள் கீழே வந்ததும் ஒன்றுபோல இருந்தன. பயந்துபோனேன், பிள்ளையைத் தவறவிட்டுவிட்டேனோ என்று. பிறகு பச்சையைப் பார்த்து நடந்தேன்.

பிளாஸ்டிக்.

வளையலும் சீப்பும் விற்கிற பென்சிக் கடைகளில் கண்ணாடி அலுமாரிக்கு மேல் வைக்கிறார்களே, அந்தச் செடி. எந்த மரத்தின் இலை என்று செய்தவனுக்கே தெரியாது. ஒரு புழு கடித்த ஓட்டை இல்லை. ஓர் எறும்பு ஏறவில்லை. உயிருள்ள எதையும் எங்கேயாவது ஒன்று தின்ன வரும், இதைத் தின்ன யாரும் வரவில்லை. இத்தனை நாளும் நான் இதைப் பார்த்தா சோறு தின்றேன்? இதுவா என் பிள்ளைக்காகத் தஸ்பீஹ் செய்தது? பிடுங்கிக்கொண்டுபோய் ஜும்ஆ முடிந்து வருகிறவரின் முகத்தில் எறிய வேண்டும், ஊர் பார்க்கட்டும் என்று இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கட்டியிருந்தது.

முழங்காலிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பிளாஸ்டிக் கொப்பையும் செத்துப்போன நந்தியாவட்டைக் குச்சியோடு வலை நூலால் கட்டியிருந்தார். கிழிந்த வலையைப் பின்னும்போது அவர் போடுகிற அதே முடிச்சு. கச்சானுக்கு ஒன்றும் பறந்துவிடாதபடி, ஒவ்வொன்றையும் இருந்து பொறுமையாகக் கட்டியிருந்தார். முகத்திரையைத் தூக்கி, ஒரு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தபோதுதான் கை மணலில் பட்டது. ஈரம். சுற்றிவர எல்லா மணலும் வறுத்த மாவாக இருக்க, அந்தக் குச்சியின் அடி மட்டும் ஈரம். மீசானுக்குப் பின்னால் அந்தத் தண்ணீர்ப் போத்தல் சாத்திக் கிடந்தது.

எனக்குப் பச்சையாகக் காட்டப் பொய்ச் செடி கட்டிவிட்டு, மனிசன் அந்த மொட்டைக் குச்சிக்குத் தினம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. சொல்லி, பிறகு அது வராமல் போனால் நான் என்ன ஆவேன் என்று பயந்திருப்பார். தட்டில் நின்று நான் கேட்டேனே அந்தக் கேள்வி, அதைக் கேட்டுவிட்டு எந்த மனிசன்தான் என்ன செய்வான்?

மகனே, உன் வாப்பாவைப் பார் என்று சொல்லிச் சொல்லி அந்த மணலில் முகத்தை வைத்து அழுதேன். குத்பா ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன சொன்னார்கள் என்று ஒன்றும் காதில் ஏறவில்லை.

எழும்பும்போது கண்டேன். பிளாஸ்டிக் இலைகளின் நிழலுக்குள், குச்சியின் அடியில், மணலை ஒட்டி ஒரு துளிர். இரண்டே இலை, இன்னும் சரியாக விரியவில்லை. மெதுவாக நகத்தால் தொட்டேன். உண்மையான இலை. அதன் அடிப்புறத்தில் மஞ்சள் நூல் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அசைந்தது. வாலில் உடம்பைவிடப் பெரிதாக ஒரு கறுப்பு முடி. பொரித்து ஒருநாள்கூட ஆகியிராத குஞ்சுப் புழு. இலையின் ஓரத்தில் ஊசிமுனையளவு தின்றும் விட்டது.

பிளாஸ்டிக்கை ஏமாறாமல் தாண்டி, அதற்குள் ஒளிந்திருந்த இந்த இரண்டு இலையை அந்தத் தாய் எப்படித்தான் கண்டுபிடித்ததோ. நான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தும் காணாததை அது இருட்டில் மணந்து வந்து கண்டிருக்கிறது. நசுக்கப் பெருவிரலை எடுத்தேன். எடுத்தது எடுத்தபடி நின்றது. அவன் என் கையைப் பிடித்திருந்தான் என்று சொன்னால் தம்பி மார்க்கம் பேசுவான். அப்படிச் சொல்லவில்லை. கை போகவில்லை, அவ்வளவுதான். அந்தப் புழுவை விரல்நுனியில் ஏற்றி, முகத்திரையின் நுனியில் வைத்து மெல்லப் பொத்திக்கொண்டேன்.

அவிழ்த்த முடிச்சை மறுபடி கட்டினேன். அவரைப் போலக் கட்ட எனக்கு வராது, ஆனாலும் இறுக்கிக் கட்டினேன். பிளாஸ்டிக் அப்படியே இருக்கட்டும். துளிருக்கு நிழலாவது கொடுக்கும். அவருக்கும் அது இருக்க வேண்டும். போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை அடியில் ஊற்றினேன். "தொழுகைக்கு எழும்பு மகனே" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. ஆமீன் சத்தம் கேட்க, வேகமாக வெளியே வந்து கேட்டைச் சாத்தினேன்.

முற்றத்து நந்தியாவட்டையில் வாடாத ஓர் இலையாகப் பார்த்துப் புழுவை விட்டேன். "இங்க தின்னு. அங்க போகாத" என்றேன்.

அவர் வந்து தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"இண்டைக்கி மேல ஏறிப் பாத்தியா?"

"ஓம். பச்சையாத்தான் இரிக்கி."

அவர் ஒரு மூச்சு விட்டார். சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.

அந்தத் துளிர் பிழைக்குமா, எனக்குத் தெரியாது. கச்சான் இன்னும் வீசிக்கொண்டிருக்கிறது. வருகிற ஒவ்வொரு பூச்சியும் எங்கே போய்க் குந்துகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் காலையில் போத்தலோடு போகிறார், வந்து "நல்லாரிக்கி" என்கிறார், நான் "ஓம்" என்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் நான் எங்கே போகிறேன் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று நான் கேட்டதில்லை. என் முடிச்சை அவர் கண்டிருப்பார். கண்டும் பேசாமல் இருக்கக்கூடிய மனிசன்தான்.

முற்றத்துச் செடியில் இப்போது புழு நிறைய. பாதிக்கு மேல் மொட்டை. நேற்று அவர் கை கழுவப் போனவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்ன புள்ள, இவ்வளவு புழு? கோழிக்குப் பொறுக்கிப் போடல்லியா?"

"உடுங்க. அதுக்கு வேற சோறு இல்ல" என்றேன்.

அது யார் சொன்ன சொல் என்று அவருக்குத் தெரியும். கையில் சவர்க்காரம் காயக் காய, அவர் அந்தச் செடியின் முன்னால் குந்தி இருந்தார்.